அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி: வீட்டையே பட்டறையாக்கி வாழ்ந்தவர்



தாராபுரத்தில் ஆசாரி ஒருவர் இருந்தார். கடை என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டுத் திண்ணைதான் அவருக்குப் பட்டறை. கதவு, நிலை, மாட்டு வண்டிச் சட்டம் எல்லாம் அங்கேதான் உருவாகும். ஒருமுறை பாடற்குழுவின் வயலின் கழுத்து விட்டுப்போனபோது, வேறு யாரும் கிடைக்காமல் அவரிடம் கொண்டுபோனோம். வச்சிரம் காய்ச்சி ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒட்டு இன்றுவரை விடவில்லை. அவர் இறந்தபின் பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். உளி, இழைப்புளி, அரம், கவராயம் எல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயின. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த உளிகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

அந்தச் சாக்கைப் பார்த்த நாளில் என் நினைவுக்கு வந்தவர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலி நாட்டில் வாழ்ந்த ஒரு மரவேலைக்காரர். அவர் செய்த வயலின்கள் இன்று கோடிக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகின்றன. அவருடைய பெயரும் வயலின் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் எங்கே உட்கார்ந்து வேலை செய்தார், எந்தக் கருவிகளைக் கையில் எடுத்தார், அந்தக் கருவிகள் பின்னர் என்னவாயின என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தான் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி.

வட இத்தாலியில் போ ஆற்றின் கரையில் உள்ளது கிரெமோனா நகரம். அவர் பிறந்தது 1644-ஆம் ஆண்டை ஒட்டி என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருடைய திருமுழுக்குப் பதிவு இதுவரை எந்தப் பங்கிலும் கண்டெடுக்கப்படவில்லை. முதுமையில் தம் வயலின்களுக்குள் ஒட்டிய சீட்டுகளில் அவர் வயதையும் எழுதும் வழக்கம் வைத்திருந்தார். அதைக் கொண்டே இந்தக் கணக்கு. 1666-இல் ஒரு வயலினுக்குள் ஒட்டிய சீட்டில், தம்மை நிக்கோலோ அமாத்தியின் மாணவர் என்று குறித்திருக்கிறார். அமாத்தி குடும்பம் அந்த ஊரில் மூன்று தலைமுறையாக வயலின் செய்து வந்த குடும்பம். அவர்களிடம் அவர் நேரடியாகப் பயின்றாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்தக் குடும்பத்தின் முறையைப் பின்பற்றியே தொடங்கினார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

1667 ஜூலையில் பிரான்செஸ்கா என்ற இளம் விதவையை அவர் மணந்தார். முதல் கணவரைக் கொலையில் பறிகொடுத்தவர் அந்தப் பெண். புனித ஆகத்தம்மாள் பங்கில் ஒரு வாடகை வீட்டில் குடும்பம் தொடங்கியது. அடுத்த 13 ஆண்டுகள் அந்த வீட்டிலேயே குழந்தைகள் பிறந்தார்கள், அந்த வீட்டிலேயே மரமும் இழைக்கப்பட்டது. வயலின் மட்டுமல்ல, கிட்டார், யாழ் போன்ற ஹார்ப் என்று கேட்டவர்களுக்குக் கேட்டதைச் செய்து கொடுத்தார். 1679-இல் செய்த ஒரு கிட்டாரும் 1681-இல் செய்த ஒரு ஹார்ப்பும் இன்னும் உள்ளன.

1680-இல் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. புனித சாமிநாதர் ஆலயத்துக்கு எதிரே, அதே சதுக்கத்தில் இருந்த ஒரு வீட்டை 7,000 லீராவுக்கு வாங்கினார். குறுகலான, உயரமான வீடு. தரைத் தளத்தில் தெருவைப் பார்த்தபடி கடையும் பட்டறையும். மேலே குடும்பம். எல்லாவற்றுக்கும் மேலே, கூரைக்கு அடியில், பக்கங்கள் திறந்த ஒரு மொட்டைமாடி. கிரெமோனா மக்கள் அப்படிப்பட்ட இடத்தில் துணியும் பழமும் உலர்த்துவார்கள். ஸ்ட்ராடிவாரி அங்கே வார்னிஷ் பூசிய வயலின்களைக் கயிற்றில் தொங்கவிட்டார். அவர் எழுதிய கடிதங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் 1708-ஆம் ஆண்டின் ஒரு கடிதம், வார்னிஷ் காரணமாக வேலை தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்பதற்காக எழுதப்பட்டது. உலகப் புகழ் பெற்றவரும் வாடிக்கையாளரிடம் நம் ஊர்த் தையல்காரரைப் போலத்தான் காரணம் சொல்லியிருக்கிறார்!

அந்த வீட்டில்தான் அவர் 57 ஆண்டுகள், சாகும்வரை, வேலை செய்தார்.

இனி அந்தப் பட்டறைக்குள் போவோம். நம் தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் பலா மரத்தைக் குடைந்து குடத்தை எடுப்பார்கள். வயலின் அப்படிக் குடைந்து எடுப்பதல்ல. அது சிறு சிறு துண்டுகளை ஒட்டிக் கட்டும் ஒரு கூடு. அதற்கு முதலில் வேண்டியது ஓர் அச்சு. வயலின் வடிவத்தில், ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் வெட்டிய ஒரு பலகைதான் அது. அதன் ஓரத்தில் ஆறு இடங்களில் பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளங்களில் சிறு மரக்கட்டைகளை ஒரு சொட்டு வச்சிரத்தால் லேசாக ஒட்டுவார். பிறகு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்த மேப்பிள் மரப் பட்டையைச் சூடான இரும்பின்மேல் வளைத்து, அச்சைச் சுற்றிக் கட்டைகளோடு ஒட்டுவார். பட்டை நன்றாகப் பிடித்தபின் அச்சைத் தட்டி வெளியே எடுத்துவிடுவார். கூட்டின் பக்கச் சுவர் அப்படியே நிற்கும். அதே அச்சு அடுத்த வயலினுக்குப் பயன்படும்.

அச்சு உள்ளே இருப்பதால் வெளி ஓரம் கைக்கு விடப்படுகிறது. பக்கச் சுவரைப் பலகையின்மேல் வைத்து, சுற்றிலும் கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே வெட்டுவார். ஆகவே ஒரே அச்சில் பிறந்த இரண்டு வயலின்களும் முழுக்க ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பலகை மேப்பிள். முன்பலகை ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் குளிரில் மெதுவாக வளரும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். கனமான பலகையை வளைவுளியால் குடைந்து, விரல் நீளமே உள்ள குட்டி இழைப்புளிகளால் சீவி, கடைசியில் மெல்லிய எஃகுத் தகட்டால் சுரண்டி, முன்பலகையை இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் அதிகம் சீவினால் பலகை பாழ். கனத்தைப் பார்க்க இரு கை கொண்ட ஓர் அளவுகோல் இருந்தது. ஓரத்தைச் சுற்றி ஓடும் கறுப்பு, வெள்ளை, கறுப்புக் கோடு பலர் நினைப்பதுபோல் வரைந்த கோடல்ல. மூன்று மெல்லிய மரச் சீவல்களைப் பள்ளம் வெட்டிப் பதித்தது. பலகையில் விரிசல் விழுந்தாலும் உள்ளே பரவாமல் அந்த ஓரத்திலேயே நிற்பதற்கான காவல் அது.

ஒலி வெளிவரும் இரண்டு துளைகளையும் எங்கே வைப்பது என்பதைக் கவராயத்தால் குறித்தார். துளையின் மேல் வட்டமும் கீழ் வட்டமும் கவராயப் புள்ளிகள். நடு உடலைக் கத்தியால் வெட்டினார். தலைச் சுருளுக்குக் காகித மாதிரி. காகிதத்தின் வழியே ஊசியால் குத்திக் குத்தி மரத்தில் புள்ளிகளை இறக்கி, அந்தப் புள்ளிகளைத் தொடர்ந்து உளியை ஓட்டினார். கழுத்தை உடலோடு சேர்க்கும் இடத்தில் உள்ளிருந்து ஆணி அடித்தார். நம் தாராபுரத்து ஆசாரி பார்த்திருந்தால், இது நம்ம வேலைதான் என்று சொல்லியிருப்பார்.

இவற்றில் எதற்கும் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு சன்னல், ஒரு மேசை, ஒரு அடுப்பு, சுவரில் மாட்டிய மாதிரிகள் போதும். தஞ்சாவூரிலும் வீணைக்கு மெட்டு வைப்பவர் ஒரு விளக்கு, தேன்மெழுகு, தம் காது ஆகியவற்றை வைத்துக்கொண்டே 24 மெட்டுகளையும் அமைத்துவிடுகிறார்.

வயலினுக்கும் நமக்கும் உறவு ஒன்றும் புதிதல்ல. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் ஆலயங்களில் கீபோர்டு வருவதற்கு முன்னால், ஆர்மோனியமும் வயலினும்தான் பாடற்பலியைத் தாங்கின. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ஸ்ட்ராடிவாரி குடும்பத்துக்குத் திரும்புவோம். பிரான்செஸ்கா 1698-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அந்தோனியா சம்பெல்லி என்பவரை அவர் மணந்தார். இரு மனைவியர் வழியாகப் பதினொரு பிள்ளைகள் பிறந்தார்கள். சிலர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். மூத்த மனைவியின் மகன் அலெக்சாண்டரும் இளைய மனைவியின் மகன் யோசேப்பும் குருக்களானார்கள். பிரான்செஸ்கோவும் ஓமோபோனோவும் தந்தையின் பட்டறையிலேயே அமர்ந்தார்கள். கடைசி மகன் பாவுலோ துணி வியாபாரத்துக்குப் போனார். கிரெமோனாவின் பாதுகாவலர் புனித ஓமோபோனோவும் ஒரு துணி வியாபாரிதான். அந்தப் புனிதரின் பெயரைத் தாங்கிய மகனோ வயலின் செய்தார்!

இந்த ஓமோபோனோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1729-இல் ஸ்ட்ராடிவாரி எழுதிவைத்த உயில் 1990-களில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பதினெட்டு வயதில் ஓமோபோனோ வீட்டை விட்டு நேப்பிள்ஸ் நகருக்குப் போய் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கியதும், அதனால் தந்தைக்கு 2,000 லீரா செலவானதும் அதில் வருகிறது. மகன் திரும்பி வந்து முப்பது ஆண்டு அருகிலேயே வேலை செய்தும், தந்தை அந்தக் கணக்கை மறக்கவில்லை. பட்டறையும் கருவிகளும் மூத்த மகன் பிரான்செஸ்கோவுக்கே என்று எழுதினார். நற்செய்தியில் வரும் தந்தை ஊதாரி மகனிடம் கணக்குக் கேட்கவில்லை. இந்தத் தந்தை கேட்டார். பெரிய கலைஞர்களின் வாழ்வை எழுதும்போது இப்படிப்பட்டவற்றை மூடி மறைப்பது வழக்கம். மறைத்தால் அவர் நம்மைப் போன்ற ஒரு குடும்பத் தலைவர் என்பதும் மறைந்துபோகும்.

அவர் அரண்மனைகளுக்கும் வேலை செய்தார். 1690-இல் பிளாரன்சு நகரின் மெதிச்சி இளவரசருக்கு ஒரு தொகுதி இசைக்கருவிகளைச் செய்து அனுப்பினார். 1690-களில் வயலினைக் கொஞ்சம் நீளமாக்கிப் பார்த்தார். சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டுப் பழைய நீளத்துக்கே திரும்பினார். திரும்பிய பிறகு, 1700 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கையில் வந்தவையே அவருடைய மிகச் சிறந்தவை என்பது அறிந்தவர்களின் தீர்ப்பு. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். நம் நாட்டில் ஓய்வு பெற்று வீட்டில் உட்காரும் வயது. வாழ்நாளில் ஏறத்தாழ 1,100 இசைக்கருவிகளை அவர் செய்தார் என்றும், அவற்றில் 650 அளவுக்கு இன்றும் உள்ளன என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அவர் உயரமாக, ஒல்லியாக இருப்பார், தலையில் எப்போதும் வெள்ளைக் குல்லா, இடுப்பில் வெள்ளைத் தோல் ஏப்ரன், வேலை செய்யாத நேரத்தில் அவரைப் பார்த்ததே இல்லை என்று ஊரில் வழிவழியாகச் சொல்லி வந்ததை 1856-இல் ஒரு வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். கேட்ட கதைதான். கடைசி ஆண்டுகளின் வயலின்களைப் பார்த்தால் அது பொய்யாகத் தோன்றாது. தொண்ணூறு வயதைத் தாண்டிய கை நடுங்கியிருக்கிறது. துளையின் விளிம்பு நேராக இல்லை. ஓரக் கோடு தள்ளாடுகிறது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

அந்த வயலின்களில் என்ன மாயம் இருக்கிறது என்று எத்தனையோ பேர் தேடினார்கள். வார்னிஷில் இரகசியம் என்றார்கள். 2009-இல் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் அவருடைய ஐந்து கருவிகளை ஆராய்ந்தபோது கண்டது எண்ணெயும் ஊசியிலை மரப் பிசினும் சில சிவப்பு நிறமிகளும்தான். அன்றைய ஓவியர்கள் யாருடைய வீட்டிலும் இருந்திருக்கக்கூடிய பொருள்கள். 2012-இல் பாரிஸ் அருகே தேர்ந்த வயலின் கலைஞர்கள் பத்துப் பேரிடம், எது பழையது எது புதியது என்று தெரியாதபடி கறுப்புக் கண்ணாடி அணிவித்து, பழைய வயலின்களையும் புதியவற்றையும் வாசிக்கச் செய்தார்கள். ஆறு பேர் தங்களுக்குப் பிடித்ததாகத் தேர்ந்தது புதிய வயலினை. இதனால் ஸ்ட்ராடிவாரியின் மதிப்பு குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரகசியம் என்று ஒன்று இருந்திருந்தால் அது அவரோடு செத்திருக்கும். வேலை முறையாக இருந்ததால்தான் இன்றைய கைகளும் அதைத் தொட முடிகிறது.

1729-லேயே தமக்கும் தம் குடும்பத்துக்கும் எதிர்வீடான சாமிநாதர் ஆலயத்தில், செபமாலை அன்னையின் சிற்றாலயத்தில், ஒரு கல்லறையை விலைக்கு வாங்கி வைத்தார். 1737 மார்ச்சில் அந்தோனியா இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 18-இல் அவரும் இறந்தார். தெருவைக் கடந்து எடுத்துச் சென்று அங்கே அடக்கம் செய்தார்கள். புனித மத்தேயு பங்கின் பதிவேட்டில் அது எழுதப்பட்டுள்ளது.

அடுத்து நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஓமோபோனோ 1742-இலும் பிரான்செஸ்கோ 1743-இலும் இறந்தார்கள். இருவருக்கும் திருமணமில்லை. கருவிகளும் விற்காமல் கிடந்த வயலின்களும் துணி வியாபாரி பாவுலோவிடம் வந்தன. அவருக்கு அவை எதற்கு? 1775-76-இல் கோசியோ தி சலபூவே என்ற இருபது வயது பிரபு, வயலின் மேல் பித்துக்கொண்டவர், வயலின்களையும், பிறகு அச்சுகள், காகித மாதிரிகள், உளிகள், கவராயங்கள் என்று எல்லாவற்றையும் கேட்டார். ஸ்ட்ராடிவாரி குடும்பத்தார் கொடுக்கச் சம்மதித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். அவை கிரெமோனாவில் மட்டும் இருக்கக்கூடாது. ஊரோடு அவர்களுக்கு என்ன மனவருத்தமோ! அப்படித்தான் அந்தக் கருவிகள் கிரெமோனாவை விட்டுப் போயின.

ஊரும் அவரை மறந்தது. 1869-இல் சாமிநாதர் ஆலயம் இடிக்கப்பட்டது. கல்லறைகளிலிருந்து எடுத்த எலும்புகளில் எது யாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லாம் ஒன்றாகப் புதைக்கப்பட்டன. ஆலயம் இருந்த இடம் பூங்காவானது. அவருடைய வீடு மாற்றிக் கட்டப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதுவும் இடித்துத் தள்ளப்பட்டது. வெயிலில் வயலின்கள் தொங்கிய அந்த மாடி இன்று இல்லை.

எஞ்சியது அந்தக் கருவிகள் மட்டுமே. ஊரை விட்டு வெளியே போனதால் அவை பிழைத்தன. கோசியோ ஒவ்வொன்றையும் குறித்து வைத்துப் பாதுகாத்தார். 1840-இல் அவர் இறந்தபின் அவை ஒரு பிரபு குடும்பத்தில் எண்பது ஆண்டு கிடந்தன. 1920-இல் ஜுசெப்பே பியோரினி என்ற வயலின் செய்பவர் ஒரு லட்சம் லீரா கொடுத்து அவற்றை வாங்கினார். அவர் செல்வர் அல்ல, உளி பிடித்துப் பிழைத்தவர். இவற்றை வைத்து இத்தாலியில் ஒரு பள்ளி தொடங்க வேண்டும் என்பது அவர் ஆசை. கேட்பார் இல்லை. 1930-இல் தம்மிடமிருந்த அனைத்தையும் கிரெமோனா நகருக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார். 1934-இல் பியோரினி இறந்தார். அவர் விரும்பிய பள்ளி 1938-இல் அதே நகரில் தொடங்கியது. இன்று பல நாடுகளின் இளைஞர்கள் அங்கே சன்னலோர மேசையில் அமர்ந்து, அதே உள் அச்சு முறையைக் கற்கிறார்கள். 2012-இல் கிரெமோனாவின் வயலின் கைத்தொழிலை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

கருவிகள் இப்போது 2013-இல் திறக்கப்பட்ட கிரெமோனா வயலின் அருங்காட்சியகத்தில் உள்ளன. அச்சுகள், காகித மாதிரிகள், வரைபடங்கள், கருவிகள் என்று எழுநூறுக்கும் மேல். பார்வைக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. நம் ஆசாரியின் சாக்கில் இருந்தவையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. கைபட்டு வழவழப்பான மரப்பிடி. கவராய முனை குத்திய துளைகள். ஓர் அச்சில் 1689 ஜூன் என்றும் இன்னொன்றில் 1692 ஜூன் என்றும் அவர் மையால் தேதி எழுதிவைத்திருக்கிறார். எழுத்து இன்னும் வாசிக்க முடிகிறது.